மரம் கொல்லும் வண்டும் தமிழ் விக்கிப்பீடியாவும்: புதிதாகத் தொகுக்க வருபவர்களுக்கு

வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்ற ஒரு பச்சை வண்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் எமரால்டு ஆஷ் போரர் என்கிறார்கள். அதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது. எழுதியது இரண்டே நாள்தான். மற்ற நாளெல்லாம் நானே வைத்த பெயரை மாற்றுவதிலும், நானே போட்ட படத்தை எடுப்பதிலும், "இதற்குச் சான்று எங்கே?" என்று கேட்டவர்களுக்குப் பதில் தேடுவதிலும் போனது.

எழுதத் தெரியாததால் வந்த சிக்கல் இல்லை இது. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று தெரியவில்லை. அந்த வரிசையைத்தான் கீழே தந்திருக்கிறேன். வேறொரு பூச்சியைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. கட்டுரை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

தமிழ்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். அறிவியல் பெயரை இலத்தீன் எழுத்தில் அடித்துத் தேடுங்கள். இந்த வண்டுக்கு அது அக்ரிலசு பிளானிபென்னிசு (Agrilus planipennis). அப்புறம் ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். பட்டியலோடு இணைக்கப்படாமல் தனியே கிடக்கும் கட்டுரைகளும் உண்டு.

கட்டுரை இருந்தால் அதையே வளர்த்தெடுங்கள். நான்கு வரிக் குறுங்கட்டுரையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே பூச்சிக்கு இரண்டு கட்டுரை உருவானால், பிறகு யாராவது உட்கார்ந்து அவற்றை ஒன்றாக்க வேண்டியிருக்கும்.

2. கணக்குத் தொடங்குங்கள்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கேட்க மாட்டார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். மின்னஞ்சல் கட்டாயமில்லை, ஆனால் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கை மீட்க வழியில்லை. ஒரே கணக்கு எல்லா மொழி விக்கிப்பீடியாவிலும், படங்கள் இருக்கும் விக்கிமீடியா பொதுவகத்திலும், ஒரே பொருள் பற்றிய பல மொழிக் கட்டுரைகளை இணைக்கும் விக்கித்தரவிலும் செல்லும். தனித்தனியாகத் தொடங்கத் தேவையில்லை.

நிறுவனத்தின் பெயரில் கணக்கு வைக்காதீர்கள். ஒரே கணக்கை நண்பர்கள் சேர்ந்து பயன்படுத்தவும் கூடாது. பூச்சிக்கொல்லி நிறுவனத்திலோ மர மருத்துவத் தொழிலிலோ இருந்துகொண்டு, அந்த வேலையின் பகுதியாகச் சம்பளத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால், யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதைப் பயனர் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இது வெறும் நாகரிகம் இல்லை, பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது.

புதிய கணக்குக்கு முதல் சில நாள் சில வசதிகள் திறக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் ஆக வேண்டும் (நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு தொகுப்பு). பிற மொழிகளில் அளவு வேறுபடலாம். அதுவரை நீங்கள் வெளி இணைப்பு ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம், கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும். மேற்கோள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அது வந்து நிற்பது எரிச்சலாக இருக்கும். அதனால் கணக்கை இன்றே தொடங்கிவிடுங்கள். நாலைந்து கட்டுரைகளில் எழுத்துப்பிழை திருத்துங்கள். அந்த நாள்களில் படிக்க வேண்டியதைப் படித்து வையுங்கள்.

3. பெயரை முடிவு செய்யுங்கள்

என்னுடைய முதல் வாரத்தைத் தின்றது இதுதான்.

நான் முதலில் வைத்த தலைப்பு "மரகதச் சாம்பல் துளைப்பான்". கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. ஆஷ் என்ற மரப்பெயருக்கும் அடுப்பில் கிடக்கும் சாம்பலுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள், காலப்போக்கில் எழுத்து ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். மரம் சாம்பல் நிறத்தில் இருப்பதால் வந்த பெயர் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். எனக்கும் சில நாள் அது சரியென்றே பட்டது.

ஆஷ் என்பது பிராக்சினசு பேரினத்து மரங்கள். ஆலிவும் மல்லிகையும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. "மவுண்டன் ஆஷ்" என்று சொல்லப்படும் மரங்கள் வேறு. ஒன்று ரோஜாக் குடும்பத்தது, இன்னொன்று ஆஸ்திரேலிய யூக்கலிப்டசு. இந்த வண்டு அவற்றைத் தொடுவதில்லை. பெயரில் ஆஷ் இருக்கிறதே என்று கட்டுரையில் இணைப்புக் கொடுத்துவிட்டு, பிறகு எடுத்தேன்.

கடைசியில் "மரகத ஆஷ் துளைப்பான்" என்று வைத்தேன். மரப்பெயருக்கு வழக்கில் தமிழ்ச் சொல் இல்லாதபோது புதிதாக ஒன்றை உருவாக்கித் தலைப்பில் வைப்பதை நான் ஏற்பதில்லை. கலைக்களஞ்சியம் பெயரைப் பதிவு செய்யும் இடம், சூட்டும் இடம் இல்லை. குடும்பப் பெயரில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். இந்த வண்டு புப்ரெசுட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது, அதாவது நம் பொன்வண்டுக்கு உறவு. "பொன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், படிப்பவருக்கு அந்த மினுமினுப்பு கண்முன் வந்துவிடும்.

"ஆஷ்" என்று கிரந்த எழுத்தோடு எழுதுவதா, "ஆசு" என்று எழுதுவதா என்று ஒரு விவாதம் வரும். தமிழ் விக்கிப்பீடியாவில் இது பழைய விவாதம், உங்கள் கட்டுரையில் தீரப் போவதில்லை. ஒன்றைத் தலைப்பாக வையுங்கள். மற்ற எழுத்துக்கூட்டல்கள், அறிவியல் பெயர், அதன் தமிழ் ஒலிபெயர்ப்பு எல்லாவற்றையும் வழிமாற்றாக, அதாவது உங்கள் கட்டுரைக்கே கொண்டுவந்து விடும் பக்கங்களாக, உருவாக்குங்கள். ஒரு வழிமாற்றுக்கு ஒரு நிமிடம் போதும். எந்தப் பெயரைத் தேடினாலும் ஆள் வந்து சேர்ந்துவிடுவார், சண்டையும் குறையும்.

4. எழுதும் முன் சான்றுகளைச் சேருங்கள்

எழுதிவிட்டுச் சான்று தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் நீங்கள் எழுதியதோடு ஒத்துப்போகாது. ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் தகவல், வலப்பக்கம் அது எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரி கட்டுரைக்குள் போகக் கூடாது. இன்னொரு விக்கிப்பீடியாக் கட்டுரை சான்றாகாது. உங்கள் கண்ணால் பார்த்ததும் ஆகாது. அந்த மரத்தை நீங்களே வெட்டிப் பார்த்திருந்தாலும்கூட.

எதைச் சான்றாக வைப்பது? பூச்சியியல் இதழ்களில் வரும் மீள்பார்வைக் கட்டுரைகள்தான் முதல் தேர்வு. பத்துப் பதினைந்து ஆண்டு ஆய்வுகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தந்திருப்பார்கள். அடுத்து அமெரிக்க வேளாண் துறை, கனடாவின் உணவு ஆய்வு முகமை போன்ற அரசு அமைப்புகளின் பக்கங்கள். செய்தித்தாள், "எங்கே, எப்போது கண்டுபிடித்தார்கள்" என்பதற்கு மட்டும். மரத்துக்கு ஊசி போடும் நிறுவனங்களின் பக்கங்கள் எதற்கும் வேண்டாம்.

செலவு இங்கேதான் வரும் போலத் தோன்றும், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகள் பல பணம் கேட்கும் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. பணம் கட்டாதீர்கள். அதே கட்டுரையை ஆய்வாளர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கலாம். இல்லையென்றால் அவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் மூன்று பேருக்கு எழுதினேன், இரண்டு பேர் அனுப்பினார்கள். பணம் கேட்கும் இதழ்களைத் தொகுப்பவர்கள் இலவசமாகப் படிக்க விக்கிப்பீடியா நூலகம் என்ற வசதியும் உண்டு. ஆனால் அதற்குக் கணக்குக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், 500 தொகுப்பு வேண்டும், கடைசி மாதத்தில் பத்துத் தொகுப்பாவது செய்திருக்க வேண்டும். முதல் கட்டுரைக்கு அது உதவாது.

இந்த வண்டைப் பொறுத்தவரை நான் வழுக்கி விழுந்த இடங்கள் இவை:

*கண்டுபிடித்த ஆண்டும் வந்த ஆண்டும்.* 2002-இல் டெட்ராய்ட் பகுதியில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சரிலும் கண்டார்கள். ஆனால் வண்டு வந்தது அதற்கு முன்பே. செத்த மரங்களின் ஆண்டு வளையங்களை வைத்துப் பார்த்தவர்கள் 1990-களின் தொடக்கத்திலோ நடுவிலோ அது நிலைகொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். "2002-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது" என்று எழுதியிருந்தேன். ஒரே வினைச்சொல்தான், பத்தாண்டு பிசகியது.

*"ஆஷ் மரத்தை மட்டுமே தாக்கும்".* பழைய ஆவணங்களில் இப்படித்தான் இருக்கும். ஆனால் 2014-இல் வெள்ளைக் குஞ்ச மரம் என்று சொல்லத்தக்க ஒரு சிறு மரத்திலும் இதைக் கண்டார்கள். சான்று எந்த ஆண்டினது என்று பார்க்காமல் "மட்டுமே" போடாதீர்கள்.

*எண்ணிக்கை.* ஆங்கிலத்தில் "டென்ஸ் ஆஃப் மில்லியன்ஸ்" என்றால் கோடிக்கணக்கில். "ஹண்ட்ரட்ஸ் ஆஃப் மில்லியன்ஸ்" என்றால் பத்துக் கோடிக்கணக்கில். வேகமாக மாற்றும்போது ஒரு சுழி காணாமல் போகும். செத்த மரங்களின் எண்ணிக்கை ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது, எந்த ஆண்டுக் கணக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

*அளவு.* வண்டின் நீளம் ஓரிடத்தில் 8.5 மி.மீ. என்றும் வேறிடத்தில் 13 மி.மீ. வரை என்றும் இருக்கிறது. ஒன்று சரி, மற்றது தவறு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். வீச்சாகக் கொடுத்து இரண்டு சான்றையும் வையுங்கள். புழுவின் நீளம் 3 செ.மீ. வரை போகும். அதை வண்டின் நீளமாக எழுதிவிட்ட பக்கங்களையும் பார்த்தேன்.

*ஒட்டுண்ணிக் குளவிகள்.* வண்டைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 2007-இலிருந்து மூன்று குளவி இனங்களை விட்டார்கள். நான்காவதற்கு 2015-இல் அனுமதி கிடைத்தது. எனவே மூன்று என்று சொல்லும் சான்றும் அது வந்த காலத்துக்குச் சரியானதே.

5. மணல்தொட்டியில் எழுதுங்கள், எந்திரத்திடம் கொடுக்காதீர்கள்

உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் மணல்தொட்டி என்று ஒரு பக்கம் கிடைக்கும். அங்கே எழுதினால் அவசரப்பட்டு யாரும் நீக்க மாட்டார்கள். முழுதாக முடித்த பிறகு, எல்லாரும் படிக்கும் கட்டுரை வெளிக்குக் கொண்டுவரலாம்.

உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று உண்டு. ஆங்கிலக் கட்டுரையை ஒரு பக்கமும் எந்திரத்தின் தமிழை மறுபக்கமும் காட்டும். எனக்கு அது தந்தவற்றில் ஒரு வரி: "லார்வாக்கள் காட்சிக்கூடங்களை உருவாக்குவதால் சாம்பலின் கிரீடம் மெலிகிறது."

நான் இதைப் படித்துச் சிரித்துவிட்டு, "காட்சிக்கூடங்களை" மட்டும் "சுரங்கங்களை" என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன் என்பதுதான் வெட்கம். எந்திர மொழிபெயர்ப்பில் உள்ள ஆபத்து அபத்தமான வரிகளில் இல்லை. அவை கண்ணில் பட்டுவிடும். பாதி சரியாக இருக்கும் வரிகள்தான் தப்பித்து உள்ளே போகின்றன. "கேலரி" என்றால் புழு குடையும் வழி. "கிரௌன்" என்றால் மரத்தின் தலைப்பகுதி. "ஹோஸ்ட்" என்றால் பூச்சி வாழும் மரம். "குவாரன்டைன்" என்றதும் "தனிமைப்படுத்தல்" என்று வந்தது, ஏதோ மரத்தை அறையில் பூட்டி வைத்தது போல. உண்மையில் அது, குறிப்பிட்ட பகுதிகளிலிருந்து ஆஷ் மரக்கட்டையையும் விறகையும் வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு. அப்படியே எழுதிவிடுங்கள்.

அந்த வரியை இப்போது இப்படி வைத்திருக்கிறேன்: "புழுக்கள் பட்டைக்கு அடியில் நெளிநெளியாகக் குடைந்து தின்கின்றன. இலையில் உருவாகும் உணவு கீழே இறங்கும் பாதை இதனால் அறுபடுகிறது. மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்குகிறது." ஆங்கில வரியை மூடி வைத்துவிட்டு, அந்த ஆய்வுக் கட்டுரையில் இருந்த படத்தைப் பார்த்து எழுதியது.

மொழிபெயர்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது மாற்றத்தைப் பற்றி எழுதும் சிறு குறிப்பு) இணைப்போடு குறிப்பிட வேண்டும். விக்கிப்பீடியாவின் எழுத்து உரிமம் மூல ஆசிரியர்களைச் சுட்டச் சொல்கிறது. இரண்டு, ஆங்கிலக் கட்டுரையின் சான்றுகளைத் திறந்து பார்க்காமல் அப்படியே இழுத்துவராதீர்கள். நான் திறந்து பார்த்தவற்றில் சில இணைப்புகள் செத்திருந்தன. ஒன்றில் அந்தத் தகவலே இல்லை.

விக்கிப்பீடியா அல்லாத பக்கத்திலிருந்து வரிவரியாகத் தமிழாக்கினால் அது காப்புரிமை மீறல். மொழி மாறினாலும் மீறல் மீறல்தான். தகவல் யாருக்கும் சொந்தமில்லை, வாக்கியம் சொந்தம்.

அப்புறம், கையேடு எழுதாதீர்கள். எமமெக்டின் பென்சோயேட் என்ற மருந்தை மரத்தண்டில் ஊசியாகச் செலுத்தினால் இரண்டு ஆண்டு வரை பாதுகாப்புக் கிடைக்கிறது என்பது தகவல். எத்தனை மில்லி, எந்த மாதம், எங்கே துளை போடுவது என்பதெல்லாம் செய்முறை. செய்முறையை எழுதினால் எடுத்துவிடுவார்கள், எடுக்கவும் வேண்டும்.

6. வகைப்பாட்டுப் பெட்டி

கட்டுரையின் ஓரத்தில் திணை, தொகுதி, வகுப்பு என்று வரும் பெட்டிக்கு இரண்டு வகை வார்ப்புரு (ஆயத்த அச்சு) உண்டு. தானாக நிரம்புவது ஒன்று, நீங்களே நிரப்புவது மற்றொன்று. தானாக நிரம்புவது ஆசை காட்டும். ஆனால் பேரினத்திலிருந்து மேலே உள்ள ஒவ்வொரு படிக்கும் ஒரு துணைப்பக்கம் தமிழ் விக்கிப்பீடியாவில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்று இல்லையென்றாலும் சிவப்பில் பிழை காட்டும். அதைச் சரிசெய்ய நான் ஒரு மாலையைத் தொலைத்தேன். முதல் கட்டுரைக்குக் கையால் நிரப்புவதே போதும். வேறொரு வண்டுக் கட்டுரையைத் திறந்து, பெட்டியை நகலெடுத்து, மதிப்புகளை மாற்றுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அறிந்தவர் கண்ணில் உடனே படும். பெயரிட்டவரை "ஃபேர்மெய்ர், 1888" என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுத வேண்டும். அடைப்புக்குறி போட்டால், முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பிறகு மாற்றப்பட்டது என்று பொருள். இந்த வண்டு 1888-இல் எந்தப் பேரினத்தில் வைக்கப்பட்டதோ அதிலேயே இருக்கிறது. அழகுக்காக நான் போட்ட அடைப்புக்குறியை ஒருவர் நள்ளிரவில் வந்து எடுத்துவிட்டுப் போனார். எதற்கு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

7. படம்: ஆவணம் கேட்கும் ஒரே இடம்

கணக்குக்கு ஆவணம் வேண்டாம், கட்டுரைக்கு வேண்டாம். படத்துக்கு வேண்டும்.

முதலில் விக்கிமீடியா பொதுவகத்தில் அறிவியல் பெயரை இட்டுத் தேடுங்கள். இந்த வண்டுக்கு அங்கே நிறையப் படங்கள் இருக்கின்றன. அங்கிருப்பதைப் பயன்படுத்தத் தனியாக அனுமதி கேட்க வேண்டாம். முதிர்ந்த வண்டு ஒன்று, பட்டைக்கு அடியில் புழு குடைந்த தடம் ஒன்று, வண்டு வெளியேறிய துளை ஒன்று என மூன்று படம் போதும். அந்தத் துளையின் படத்தை விடாதீர்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, அகலம் 3 முதல் 4 மி.மீ. பாதி நிலாவை மரத்தில் குத்தி வைத்தது போல இருக்கும். வண்டின் முதுகு தட்டையாக இருப்பதால் துளையும் அப்படி அமைகிறது. ஒரு பத்தி எழுதி விளக்குவதை அந்தப் படம் செய்துவிடும்.

அங்கே இல்லாத படத்தை நீங்கள் ஏற்றப் போகிறீர்கள் என்றால் உரிமத்தைப் பாருங்கள். "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனை இருந்தால் பொதுவகம் ஏற்காது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பலரும் மாற்றாமல் விட்டுவைக்கும் உரிமம் இந்த வகைதான். எனவே அங்கே பார்த்ததும் எடுத்துவராதீர்கள். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர் பணியின் பகுதியாக எடுத்த படம் பொதுவுடைமை, அதாவது அதற்குக் காப்புரிமை இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் படத்துக்கும் கனடா அரசின் படத்துக்கும் அது தானாகப் பொருந்தாது. "அரசுப் படம்தானே" என்று நான் ஏற்றிய ஒன்றை நீக்கினார்கள், சரியாகவே நீக்கினார்கள்.

ஒருவரிடம் அனுமதி வாங்குகிறீர்களா? "தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று அவர் எழுதியது செல்லாது. அனுமதி மடலில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் படம் என்பது தெளிவாக, உரிமையாளர் தானே என்ற உறுதி, எந்த உரிமத்தில் வெளியிடுகிறார் என்ற பெயர், யாரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல். அந்த மடல் உங்களிடமிருந்து போகக் கூடாது, உரிமையாளரின் முகவரியிலிருந்தே பொதுவகத்தின் அனுமதிக் குழுவுக்குப் போக வேண்டும். மாதிரி மடல் அங்கேயே கிடைக்கும். படம் எடுத்தவர் ஒரு நிறுவனத்துக்காக எடுத்திருந்தால் உரிமை அவருடையதாக இல்லாமலும் போகலாம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். பதிலுக்குச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும்.

இன்னொரு பொறி: பச்சையாக மின்னுவதெல்லாம் இந்த வண்டு இல்லை. அக்ரிலசு பேரினத்தில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் இனங்கள் உண்டு. இறக்கையை விரித்த நிலையில் முதுகு செம்பும் ஊதாவும் கலந்து சிவந்து தெரியும் படம் கிடைத்தால் நல்லது. அடையாளம் காண்பதற்கு அதுவே ஏற்றது.

8. வெளியிடும் நாள்

மணல்தொட்டியிலிருந்து கட்டுரை வெளிக்கு மாற்றும்போது மறக்காமல் செய்ய வேண்டியவை சில. பகுப்புகளை, அதாவது கட்டுரையின் அடியில் வரும் வகைப் பெயர்களை, சேருங்கள். புதிய பகுப்பு உருவாக்காமல், பிற வண்டுக் கட்டுரைகளில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். விக்கித்தரவில் இணையுங்கள், இல்லையென்றால் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து யாரும் தமிழுக்கு வர முடியாது. வேறு கட்டுரைகள் இரண்டு மூன்றிலிருந்து உங்கள் கட்டுரைக்கு இணைப்புக் கொடுங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

மாலையில் வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வெளியான முதல் சில மணி நேரத்தில்தான் பிறர் பார்த்துத் திருத்துவார்கள், கேள்வி கேட்பார்கள். நேரம் இருக்கும் ஒரு காலையில் வெளியிடுங்கள்.

9. மற்றவர்கள் கைவைக்கும்போது

வைப்பார்கள். அதற்காகத்தான் அந்த இடம்.

ஒருவர் நீங்கள் எழுதியதை நீக்கினால் உடனே மீட்காதீர்கள். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அவர் தொகுப்புச் சுருக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். புரியவில்லையென்றால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். அவருடைய பயனர் பேச்சில் கோபமாக எழுதினால் பதில் வராது, வந்தாலும் உதவாது. பேச்சுப் பக்கத்தில் ஒரு தலைப்பில் ஒரு கேள்வி மட்டும். எந்த வரி, எந்தச் சான்று, என்ன மாற்ற நினைக்கிறீர்கள் என்று எழுதி, ~~~~ என நான்கு அலைக்குறி இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக வரும்.

என் கட்டுரையில் ஒருவர் "இந்த வண்டு கொடூரமான அழிவுசக்தி" என்று சேர்த்தார். நான் நீக்கினேன், அவர் மீண்டும் சேர்த்தார், நான் மீண்டும் நீக்கினேன். இரண்டாவது முறை கை போனபோதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் மூன்று மீள்விப்புக்கு (பிறர் செய்த மாற்றத்தைத் திருப்பிவிடுவது) மேல் போனால் தடை வரலாம். எந்த மொழியிலும் இப்படி இழுத்துப்பறிப்பதை நல்லதாகப் பார்ப்பதில்லை. பேச்சுப் பக்கத்தில் கேட்டபோது அவர் சொன்னது நியாயம்தான்: கட்டுரையைப் படித்தால் இழப்பின் அளவு தெரியவில்லை என்றார். அடைமொழிக்குப் பதில் ஒரு தகவலை வைத்தோம். 2017-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வட அமெரிக்க ஆஷ் இனங்கள் ஐந்தை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

இருவர் மட்டும் பேசி முடியாதபோது ஆலமரத்தடியில் கேளுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது மன்றத்துக்கு அதுதான் பெயர். அங்கே எல்லாரும் தன்னார்வலர்களே. ஒரு வாரம் பொறுத்துவிட்டு நினைவூட்டலாம், மறுநாளே கேட்க வேண்டாம்.

10. பழசாகும் வரிகள்

"தற்போது", "அண்மையில்", "இதுவரை" ஆகிய மூன்று சொற்களையும் கட்டுரையில் தேடி எடுத்துவிட்டு ஆண்டைப் போடுங்கள். ஊடுருவும் பூச்சியைப் பற்றிய கட்டுரையில் இவைதான் முதலில் பொய்யாகும். மரக்கட்டைகளைக் கொண்டுசெல்வதற்கு அமெரிக்கக் கூட்டரசு போட்டிருந்த கட்டுப்பாடு 2021 ஜனவரி 14 முதல் நீக்கப்பட்டது. ஆனால் "தற்போது நடைமுறையில் உள்ளது" என்று சொல்லும் பழைய பக்கங்களை வைத்து நான் எழுதியிருந்தேன். பரவலும் அப்படித்தான். மேற்குக் கரையில் ஓரிகன் மாநிலத்தில் 2022-இல்தான் கண்டார்கள். ஐரோப்பியப் பக்கம் மாஸ்கோவில் 2003-இல் தெரியவந்தது, உக்ரைனில் 2019-இல்.

கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், யார் தொட்டாலும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆஷ் மரங்களில் வண்டுகள் வெளிவரும் மே, ஜூன் மாதங்களில் திறந்து பாருங்கள். புதிய இடங்களில் கண்டுபிடித்த செய்திகள் அந்தக் கோடையில்தான் அதிகம் வரும். பரவல் பத்தியிலிருந்து தொடங்குங்கள், அடுத்து செத்த இணைப்புகள். புழுவும் துளையும் பற்றிய பத்திகளுக்கு அவசரமில்லை.